நுனி கிள்ளிய கை

“ஆடு பந்தல் மேல ஏறி, நுனியை மட்டும் கிள்ளித் தின்னுட்டு எறங்கிப் போகுமாக்கா? அந்த ஆட்டுக்கு நகம் வேற இருக்கா?”

சின்னவள் போட்ட சத்தத்தில் தெருவே வயலுக்கு வந்துவிட்டது. நான் அடுப்பை அணைத்துவிட்டு ஓடினேன். சண்டைக்குப் பாதியில் போனால் ஒன்றும் புரியாது பாருங்கள்.

அண்ணன் தம்பி இருவருக்கும் ஒட்டினாற்போல் வயல். அண்ணன் மக்காச்சோளத்தை விடவில்லை. தம்பி, பெண்டாட்டி சின்னவள் பேச்சைக் கேட்டுச் சுரைப்பந்தல் போட்டான்.

இதுவும் கைகொடுக்காவிட்டால் நிலத்தை அண்ணனிடம் விட்டுவிட்டு நகரத்துக்கு வேலைக்குப் போவதாகப் பேச்சு. அந்த நிலத்தில் மாட்டுக்கொட்டகை எந்தப் பக்கம் வரும் என்றுகூட அண்ணன் பெண்டாட்டி பெரியவள் என்னிடம் கைகாட்டியிருந்தாள்.

கொடி பந்தலைத் தொட்டதிலிருந்து பெரியவளுக்குச் சோறு இறங்கவில்லை. குழாயடியில் வாளி நிரம்பி வழிந்தாலும் கண் என்னவோ அந்தப் பச்சையில்தான்.

இப்போது ஒரு கொடிக்கும் நுனி இல்லை.

“எனக்கென்னடி தெரியும்? நான் எம்பாட்டுக்குக் கெடக்கேன்” என்றாள் பெரியவள், சேலைத் தலைப்புக்குள் கையைச் சுருட்டிக்கொண்டு.

நகத்திடுக்கில் பச்சை. நான் பார்த்தேன். சின்னவளும் பார்த்தாள்.

தம்பிக்காரன் நகரத்தில் அறை பார்க்கச் சொல்லிவிட்டான்.

ஆள் கிளம்புவதற்குள் கணுவுக்குக் கணு பக்கக்கிளை வெடித்தது. கிளைக்குக் கிளை பிஞ்சு. காய் கனத்தில் பந்தல் கம்பி தொங்கியது.

தோட்டக்கலை அதிகாரி வண்டியை நிறுத்திவிட்டு வந்து வாயைப் பிளந்தார்.

“தலைக்கொடியை அப்படியே விட்டா வெறும் ஆண்பூதான். கிள்ளினாத்தான் இப்படிக் காய்க்கும். சரியான நேரத்துல கிள்ளியிருக்கீங்களே, யாரு சொல்லிக் குடுத்தது?”

சின்னவள் அவசரப்படவில்லை. கூட்டத்தில் பெரியவளைத் தேடிப் பிடித்து, முதுகில் கைவைத்து முன்னால் தள்ளினாள்.

“எங்க அக்காதாங்க. நான் கேக்கக்கூட இல்ல. தானா வந்து செஞ்சு குடுத்தாங்க.”

அதிகாரி கைதட்டினார். தெருவும் தட்டியது. பெரியவள் முகம் வேப்பெண்ணெய் குடித்தவள் முகம்.

இப்போது எல்லார் வயலிலும் பந்தல். ஏன் மாறினீர்கள் என்று அதிகாரி கேட்டால் தண்ணீர், சந்தை, விலை என்று ஆளுக்கொன்று சொல்கிறோம். சின்னவள் பந்தலைப் பார்த்து வயிறெரிந்தோம் என்று யாராவது சொல்வார்களா?

தம்பி குடும்பம் எங்கேயும் போகவில்லை. போனது பெரியவளின் மகள்தான். பாகற்பந்தல் வைத்திருக்கும் வீட்டுக்கு மருமகளாக. அம்மாவின் கைராசி பெண்ணுக்கும் இருக்கும் என்று தேடி வந்து கேட்டார்கள்.

பெரியவளும் பந்தல் போட்டாள். தன் கொடி என்று வந்ததும் நுனியில் நகம் வைக்க மனசு வரவில்லையாம்.

சின்னவள்தான் வந்து கிள்ளிக் கொடுக்கிறாள்.

கொஞ்சம் அழுத்தித்தான் கிள்ளுகிறாள்.