நடுக்கம் நிற்கும் இடம்

காலையில் கேத்தலை அடுப்பில் வைப்பேன். தேத்தண்ணீர் குடித்ததும் கதிரையை ஜன்னலோரம் இழுத்துப் போட்டு டிரொம்போன் ஊதுகருவியை எடுப்பேன். அதில் சுரங்களுக்குக் குறி கிடையாது. குழாயை எவ்வளவு நீட்டுவது என்பதைக் காதுதான் சொல்ல வேண்டும். காதைப் பழக்குவதற்காக என் மனைவி ஷிராணி வாய் மூடி ஒரே சுரத்தை இழுத்துப் பிடிப்பாள். நான் ஊதுவேன். இரண்டும் பொருந்தாவிட்டால் சத்தம் நடுங்கும். பொருந்தினால் நடுக்கம் நின்றுவிடும்.

கடைசி வாரங்களில் மூச்சுக் குறைந்து அவள் சுரம் சற்றுக் கீழே இறங்கியிருந்தது.

அவளை அடக்கம் செய்தபின் தனியாக ஊதுகிறேன். சத்தம் நடுங்குகிறது. ஒற்றைச் சுரம் அப்படி நடுங்காது. குழாயை இன்னும் கொஞ்சம் நீட்டிச் சுரத்தைக் கீழே இறக்கினால் நிற்கிறது.

கட்டுகஸ்தோட்டையில் மாதா கோயில் பேண்ட் ஒத்திகையை பேண்ட் மாஸ்டர் மத்தியாஸ் அண்ணன் பாதியில் நிறுத்தினார்.

"கிஷான், நீ மட்டும் சுரத்துல கீழ நிக்கிற. யாரோட சேந்து ஊதுற?"

பின்வரிசை சிரித்தது. அவர் சிரிக்கவில்லை.

"ஞாயிறு அவ மாசப் பூசை. சரியா ஊது. இல்லாட்டி சும்மா உக்காந்துக்க."

இன்று காலை போனில் சுரம் காட்டும் ட்யூனரைப் பார்த்துச் சரியான சுரத்தை ஊதினேன். நடுக்கம் வேகமாகி, மூச்சுத் திணறுவதுபோல் கேட்டது. குழாயைப் பழையபடி நீட்டினேன். அடங்கியது. உதடு வெடித்த பிறகும் அந்தச் சுரத்தை விடவில்லை.

அவள் இறந்த அன்று காலையும் கட்டிலில் படுத்தபடி எனக்காகச் சுரம் பிடித்தாள். இடையில் ஒருமுறைதான் பேசினாள்.

"நீங்க நிப்பாட்டினாத்தாங்க நானும் நிப்பாட்டலாம்."