நாற்பத்தொன்றாம் கடிதம்

“உலகம் உண்டான நாள்லேர்ந்து உண்மையான வாழ்க்கை வரலாறுன்னு ஒண்ணுகூட எழுதப்படலை, மேடம். முதல் புஸ்தகம் வர்ற வசந்தத்துல வெளியாகுது. நான்தான் எழுதறேன்.”

ஆரின் ஹாஸ்கெட் இதைச் சிரிக்காமல் சொன்னார். ஒரு கையில் காப்பிக் கோப்பை, இன்னொரு கையில் பென்சில். சின்சினாட்டியில் இருபத்துநாலு வருடம் நிருபராக இருந்தவர். இப்போது மறைந்த ஜெனரல் பிரூவிட்டின் வரலாற்றை எழுதிக்கொண்டிருக்கிறார். எதிரே ஜெனரலின் விதவை லெட்டிஸ். கணப்பு அடுப்பை ஒட்டி உட்கார்ந்து காலுறை பின்னிக்கொண்டிருந்தவள் ஜெனரலின் அக்கா கெஸையா.

“அப்போ பைபிள்ல ஏசுவைப் பத்தி மத்தேயு எழுதினது?” என்றாள் கெஸையா.

“அவருக்கு நிருபர் அனுபவம் போதாது, மிஸ் கெஸையா.”

ஹாஸ்கெட் கடிதக் கட்டை மேசைமேல் வைத்தார். அமெரிக்க உள்நாட்டு யுத்த காலத்தில் பாதிக் கடிதங்கள் வழியிலேயே தொலைந்துவிடும் என்பதால், வீட்டுக்கு எழுதுகிறவர்கள் ஒவ்வொன்றுக்கும் எண் போடுவார்கள். ஜெனரலும் போட்டிருந்தார்.

“நாற்பது இருக்கு. நாற்பத்திரண்டு இருக்கு. நாற்பத்தொண்ணு எங்கே?”

“தபால்ல தொலைஞ்சிருக்கும்” என்றாள் லெட்டிஸ்.

“நாற்பத்தாறுல, ‘நாற்பத்தொன்று கிடைத்ததாக எழுதியிருந்தாய்’னு இருக்கே?”

லெட்டிஸ் மேசைத் துணியின் ஓரத்தை நீவினாள். அதில் சுருக்கம் எதுவும் இல்லை.

“கார்வர் குன்றுச் சண்டை முடிஞ்ச அன்னிக்கு எழுதின கடிதம் அது. அது இல்லாம புஸ்தகமே இல்லை, மேடம்.”

“வேண்டாம், மிஸ்டர் ஹாஸ்கெட். அவர் கையெழுத்தை என் கையால எரிக்க மனசு வரலை. அதனாலதான் வெச்சிருக்கேன். நீங்களே வாங்கி, படிக்காம எரிச்சுடுங்க.”

ஹாஸ்கெட் கோப்பையைக் கீழே வைத்தார்.

“எரிக்கறதா! டேட்டன்ல ஒரு செனட்டரோட வரலாறு எழுதினானே லூதர் க்ராப், தெரியுமா? விதவை அழறாங்கன்னு மூணு கடிதத்தை அடுப்புல போட்டான். அவனெல்லாம் எழுத்தாளனா? சமையல்காரன்!”

“அந்தப் புஸ்தகத்தை நான் படிச்சேன்” என்றாள் கெஸையா. “நல்லாத்தான் வெந்திருந்தது.”

ஹாஸ்கெட் அவளைக் கண்டுகொள்ளவில்லை. “சொல்லுங்க மேடம். ஜெனரல் அன்னிக்குக் குடிச்சிருந்தாரா?”

“ஒரு சொட்டுகூடத் தொட்டதில்லை.”

“வேற பொண்ணு யாராவது?”

“சண்டைக்கு நடுவுலயா?” என்றாள் கெஸையா. “என் தம்பிக்கு அவ்வளவு சுறுசுறுப்பு கிடையாதுப்பா.”

“அப்போ பயந்து ஓடப் பார்த்தாரா? இருந்தா அதையும் எழுதுவேன். ஆனா அப்படி இருக்க முடியாது. அன்னிக்குச் சாயங்காலம் வரைக்கும் குன்று உச்சியில அவர் பக்கத்துல நின்னவன் நான். அந்தச் செய்தியை எழுதித்தான் எனக்கு இந்தப் பேரே வந்தது.”

“ஆமாம், பக்கத்துலயேதான் நின்னீங்க” என்றாள் லெட்டிஸ் அவசரமாக. “கடைசிவரைக்கும் எல்லார்கிட்டயும் அவர் அதைச் சொல்லிக்கிட்டிருந்தார்.”

“அப்புறம் மறைக்க என்ன இருக்கு?”

லெட்டிஸ் கடிதக் கட்டைத் தன் பக்கம் இழுத்து அடுக்கத் தொடங்கினாள்.

“சரி. கடிதம் வரலைன்னா ஒரு அடிக்குறிப்பு போடுவேன். ‘சண்டை நடந்த அன்று எழுதிய கடிதத்தைத் தர ஜெனரலின் மனைவி மறுத்துவிட்டார்.’ அவ்வளவுதான்.”

“ஐயோ, அவர்தான் ஏதோ தப்பு பண்ணிட்டார்னு ஜனங்க நினைச்சுக்குவாங்களே!”

“நினைச்சுக்கட்டும்.”

“இது வரலாறா, பிரேதப் பரிசோதனையா?” என்று கேட்டுவிட்டு, கெஸையா பின்னலில் நழுவவிட்ட கண்ணியைத் திரும்ப எடுத்தாள்.

லெட்டிஸ் எழுந்து, சுவரில் இருந்த புருஷனின் படத்தைப் பார்த்தாள். பிறகு தையல் பெட்டியைத் திறந்து, அடித்துணியை விலக்கி, மடித்த கடிதம் ஒன்றை எடுத்தாள். நீட்டிய கையைப் பாதியில் நிறுத்தினாள்.

“கடைசியா ஒரு தடவை கேக்கறேன். இதைப் படிச்சே ஆகணுமா?”

“உண்மைக்கு விதவையும் கிடையாது, அக்காவும் கிடையாது, மேடம்.”

இந்த வாக்கியம் பிடித்துப்போனதால் அதை நோட்டுப் புத்தகத்தில் குறித்துக்கொண்ட பிறகுதான் ஹாஸ்கெட் கடிதத்தை வாங்கினார். கண்ணாடியை மாட்டிக்கொண்டார். முதல் பக்கத்தைத் தலையாட்டிக்கொண்டே படித்தார். இரண்டாம் பக்கத்தில் தலை நின்றுவிட்டது.

“என்னப்பா எழுதியிருக்கான்?” என்றாள் கெஸையா.

“மழை பெஞ்சுதாம்.”

“மழைக்கா இவ்வளவு ரகளை?”

“பலத்த மழை” என்றார் ஹாஸ்கெட்.

லெட்டிஸ் ஜன்னல் பக்கம் திரும்பி, வெளியே விழுந்துகொண்டிருந்த பனியைப் பார்க்கத் தொடங்கியிருந்தாள்.

இரண்டாம் பக்கத்தில் ஜெனரல் எழுதியிருந்தது இதுதான்: ‘நம் ஆட்களில் ஒருவன்கூட ஓடவில்லை, லெட்டீ. ஹாஸ்கெட் என்கிற பத்திரிகைக்காரப் பையன் மட்டும் காலையிலிருந்து மாவு வண்டிக்கு அடியில் படுத்து அழுதுகொண்டிருந்தான். நான் பார்த்தது அவனுக்குத் தெரியாது. சின்னப் பையன், பிழைத்துப் போகட்டும். யார் கேட்டாலும் என் பக்கத்திலேயே நின்றான் என்று சொல்லப்போகிறேன். நீயும் அப்படியே சொல்.’

ஹாஸ்கெட் எழுந்துபோய், சத்தம் வராமல் கணப்பு அடுப்பின் கதவைத் திறந்தார்.