படகு மூழ்கும் இடம்

நடு ஆற்றில் படகு கவிழ்ந்தது. உள்ளே இருந்தவன் இரண்டு முறை கையைத் தூக்கிவிட்டு முங்கிப்போனான். பார்த்துக்கொண்டிருந்த சஹீர் பதறவே இல்லை. டீயை ஒரு வாய் உறிஞ்சிவிட்டு, "இன்னொரு தடவ போடறேன்" என்றான்.

'திருட்டு நகல்' என்று கம்ப்யூட்டர் திரை ஆங்கிலத்தில் சிவப்பாக மின்னியது.

"வேணாம்டா சஹீரு. செத்துப்போனத ஏன்டா தோண்டற?" என்றார் பக்கத்தில் இருந்த குருமூர்த்தி. சஹீரின் அத்தா கியாசுதீனோடு ஒரே கம்ப்யூட்டர் சென்டரில் வேலை பார்த்தவர். சஹீர் கடையின் ஃபேன் காற்றிலும் அவருக்குக் கழுத்து வேர்த்திருந்தது.

விருத்தாசலத்துக்கே முதல் கேம் என்று சென்டர் முதலாளி சென்னையிலிருந்து வாங்கி வந்த ஃப்ளாப்பி அது. அதைப் பூட்டி வைத்த பீரோவின் சாவி கியாசுதீனிடம். மறுநாள் திறப்பு விழாவுக்குப் பீங்கான் கம்பெனிக்காரர்கள் குடும்பத்தோடு வந்து உட்கார்ந்திருக்க, படகு மூழ்கி இதே எழுத்து வந்தது. அசலைத் திருடிவிட்டு நகலை வைத்தவன் என்று ஊரே காறித் துப்பியது. முதலாளி அவர் மூஞ்சியில் விட்டெறிந்த அந்த டிஸ்கை வைத்துக்கொண்டு, திருடன் என்ற பேரோடுதான் மனிதர் மவுத்தானார்.

"அத்தா பேரக் கெடுத்த கேம்ல அப்பிடி என்னதான் இருக்குதுன்னு பாக்கணும் சார். தயாரிச்சவங்க எப்பவோ கடைய மூடிட்டாங்க. நெட்டுல ஒரு படம்கூட இல்ல. இதுவும் பூஞ்சை புடிச்சுப் போச்சுன்னா அவ்ளோதான்."

பழைய டிஸ்குகளைச் சாகவிடாமல் காப்பாற்றுவது சஹீருக்கு ஒரு பைத்தியம். அசல் டிஸ்கில் வேண்டுமென்றே ஓரிடத்தைக் கெடுத்து வைத்திருப்பார்கள். நகலெடுத்தால் அந்தக் கெட்ட இடம் வராது. அதைத் தேடிக் காணாவிட்டால் கேம் படகைக் கவிழ்த்துவிடும். இல்லாத கெட்ட இடத்தை இருப்பதாகக் கேமை நம்பவைக்கத்தான் இத்தனை நாளாக மல்லுக்கட்டுகிறான்.

ஏதோ ஒன்றை மாற்றிவிட்டு மறுபடி ஓட்டினான். படகு நடு ஆற்றைத் தாண்டியது.

"சார்! போவுது சார்!"

குருமூர்த்தி நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். படகு கரை சேர்ந்தது. திரை இருண்டு, மூன்று கதவுகள் வைத்த மண்டபம் ஒன்று மெல்லத் தெரிந்தது. சஹீர் நடுக்கதவை நோக்கிப் போனான்.

"ஐயோ, அது வேணாம்! பாம்பு கொத்திடும். எடது கதவத் தட்டு, வெளக்கு கெடைக்கும்!"

தட்டினான். கதவு திறந்தது. உள்ளே விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"பாத்தியா? நான் சொல்லல?" குருமூர்த்தி தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார்.

சஹீர் கீபோர்டிலிருந்து கையை எடுத்தான். எழுந்துபோய்க் கடைக் கதவைச் சாத்திவிட்டுத் திரும்பினான்.

"சார், இந்த ஊர்ல யாரு படகும் கரை சேந்ததே இல்லயே?"