நுனி நாக்கில் இனிப்பு

கடைசி வரிசையில் தலைமையாசிரியர் உட்கார்ந்திருந்தார். அவர் பக்கத்தில் உட்காரப் பயந்து பாதி வகுப்பு முன்வரிசைக் கணினிகளில் நெருக்கியடித்துக்கொண்டிருந்தது.

அறிவியல் டீச்சர் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. பெரிய திரையில் வகுப்பே சேர்ந்து எழுதும் விக்கி தளத்தைத் திறந்து, 'ஐம்புலன்கள்' பக்கத்துக்குப் போனார்.

முதல் சில பத்திகளை டீச்சர் எழுதிக் கொடுத்திருந்தார். மீதியை எட்டாம் வகுப்பு எழுதியது. யாரும் எந்த வரியையும் திருத்தலாம், டீச்சர் எழுதியதையும்தான்.

அதுதான் சிக்கலே. பாடப்புத்தகம் இருக்கும்போது பிள்ளைகள் கண்டதை எழுதி, கண்டதைப் படிப்பதா என்று ஓர் அப்பா புகார் கொடுத்திருந்தார். தலைமையாசிரியருக்கும் ஏறக்குறைய அதே எண்ணம். ஆளாளுக்குக் கை வைத்தால் பொறுப்பு யாருடையது என்று காலையில் கேட்டார். ஒரு வகுப்பைப் பார்த்துவிட்டு முடிவு சொல்வதாக வந்திருந்தார்.

என்ன முடிவு என்பது அவர் உட்கார்ந்த விதத்திலேயே தெரிந்தது.

பாருங்கள், பார்த்துவிட்டுச் சொல்லுங்கள் என்பதுபோல டீச்சர் நிமிர்ந்து நின்று பாடத்தைத் தொடங்கினார்.

கண் முடிந்து, காது முடிந்து, நாக்குக்கு வந்தபோது 'ஆனா' எழுந்தாள்.

வீட்டில் வைத்த பெயர் வேறு. யார் எதைச் சொன்னாலும் 'ஆனா' என்றுதான் அவள் வாயைத் திறப்பாள் என்பதால் வகுப்பு வைத்த பெயர் இது.

"ஆனா டீச்சர், இனிப்பு நுனி நாக்குல மட்டும்தான் தெரியும்னு போட்டிருக்கு. நான் வீட்ல செஞ்சு பாத்தேன். சர்க்கரைய எங்க வச்சாலும் இனிக்குது. அப்பா நாக்குலயும் வச்சுப் பாத்துட்டேன்."

வகுப்பு கொல்லென்று சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. எல்லோரும் படிப்பதற்காக இணைப்புகளைச் சேர்த்துவைக்கும் வகுப்பின் பொது புக்மார்க்கில் தானும் இரண்டைப் போட்டிருப்பதாகச் சொன்னாள்.

டீச்சர் அவற்றைத் திறந்து, நின்றபடியே படித்தார். எல்லாச் சுவையும் நாக்கில் எங்கும் தெரியும் என்று இருந்தது. பழைய ஆய்வு ஒன்றை யாரோ தப்பாகப் புரிந்துகொண்டதில் கிளம்பிய கதைதான் அந்த நுனி நாக்குக் கதை என்றும் இருந்தது.

யார் எந்த வரியை எழுதினார்கள் என்பதை விக்கி மறைக்காது. அந்த வரிக்குப் பக்கத்தில் டீச்சரின் பெயர்தான் இருந்தது. கடைசி வரிசை வரைக்கும் அது பளிச்சென்று தெரிந்தது.

தலைமையாசிரியர் பேனாவைத் திறந்தார்.

டீச்சர் சிரித்தார்.

"இந்தப் பக்கத்துல நான் வேணும்னே ஒரு தப்பு வச்சிருக்கேன். யாராவது பிடிக்கிறீங்களான்னு பாக்கத்தான்."

அடுத்து அவர் சொல்ல வந்ததைக் கைதட்டல் விழுங்கிவிட்டது. 'ஆனா' விறுவிறுவென்று முன்னால் வந்து வரியைத் திருத்தினாள். திரையில் பழைய வாக்கியம் போய்ப் புதிய வாக்கியம் வந்தது. மறுபடியும் கைதட்டல்.

தலைமையாசிரியர் எழுந்தார். பேனா சட்டைப் பைக்குத் திரும்பியிருந்தது.

"நல்ல உத்திதான் டீச்சர். நான் வேற மாதிரி நினைச்சுட்டு வந்தேன். தொடர்ந்து நடத்துங்க."

அவ்வளவுதான். அவர் கதவு வரை போகும் நேரம் டீச்சர் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும், விக்கி பிழைத்துவிடும்.

"சார், ஒரு நிமிஷம். நான் வச்ச தப்பு அது இல்ல."

அவர் நின்றார்.

"நாக்கு விஷயத்தை நான் நெஜமாவே நம்பிட்டிருந்தேன். வேலைக்குச் சேந்ததுலேருந்து அப்படித்தான் நடத்துறேன். இந்தப் பொண்ணு சொல்லித்தான் இன்னிக்குத் தெரியும்." குரலில் துளி பிசிறு இல்லை. "நான் வச்சது இன்னும் அங்கயேதான் இருக்கு."

நாற்காலிகள் கிறீச்சிட்டன. இருந்த தலையெல்லாம் திரைகளின் மேல் கவிழ்ந்தன. காது பத்தியை ஒருவன் எழுத்துக் கூட்டாத குறையாக முணுமுணுத்துப் படித்தான். பின்வரிசை ஆட்கள் முன்வரிசைக்காரர்களின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார்கள்.

"எது டீச்சர்?" என்றார் தலைமையாசிரியர்.

"சொல்ல மாட்டேன் சார்."

அவர் கதவுப் பிடியில் வைத்த கையை எடுக்காமல் பெரிய திரையைப் பார்த்தபடி நின்றார். தலைமையாசிரியர் ஆவதற்கு முன்னால் அவரும் அறிவியல் நடத்தியவர்தான். கரும்பலகையில் நாக்கின் படம் போட்டு, நுனியில் 'இனிப்பு' என்று எழுதி, எத்தனையோ வகுப்புகளை மனப்பாடம் செய்ய வைத்தவர்.

சட்டைப் பையிலிருந்து மூக்குக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு முன்வரிசைக்கு வந்தார்.

"கொஞ்சம் தள்ளி உக்காரும்மா," என்றார் 'ஆனா'விடம்.