கோடு ஓடிய கல்

கருங்கல் குவாரி மேனேஜர் மாதேஸ்வரன், ஒரு வாரம் மெட்ராஸ் துறைமுகத்தில் தங்கிக் கப்பலுக்குக் கல் ஏற்றிவிட்டு, அன்று காலைதான் அரூர் திரும்பியிருந்தார். ஆபீஸ் வாசலில் கல் உடைக்கும் உசேன் நின்றிருந்தார்.

"என்ன பாய், மூணு நாளா வேலைக்கு வரலையாமே? அடுத்த லோடு எங்கேன்னு ஜப்பான் பார்ட்டி டிரங்க் கால் மேல டிரங்க் கால் போடறாங்க."

"நாளைக்கு வந்துடறனுங்க. எனக்கு ஒரு சின்னக் கல்லு வேணுங்க. ரெண்டடி இருந்தாப் போதும்."

"எதுக்கு, துணி துவைக்கவா?"

"துவைக்கத் தண்ணி ஏதுங்க? நம்ம குவாரிக் குழி ஆழமாக ஆழமாக ஊருக் கிணறெல்லாம் வத்திப்போச்சு. குடிக்கிற தண்ணிக்கே பொம்பளைப் புள்ளைங்க குடத்தோட குழிக்குள்ளதான் இறங்குதுங்க."

மாதேஸ்வரன் பேச்சை மாற்றினார்.

"ஜப்பான்காரர் கழிச்சுப் போட்ட கல்லு ஒண்ணு வெளியில கிடக்கு, எடுத்துக்கங்க. ஆனா அதுல வெள்ளைக் கோடு ஓடுது."

"கோடு இருந்தா என்னங்க?"

"அவங்க ஊர்ல இதைச் சமாதிக்குத்தான் வாங்கறாங்க. செத்தவங்களுக்கு வைக்கிற கல்லுல ஒரு கோடுகூட இருக்கக்கூடாதாம்."

எட்டு வருஷமாக எதற்கென்று தெரியாமலே உடைத்த கல். உசேன் குனிந்து அந்தக் கோட்டை விரலால் தடவினார்.

"பரவாயில்லீங்க. இதையே தலைமாட்டுல நட்டுடறேன்" என்றார். "தண்ணி மொள்ளப் போயி குழியில விழுந்த எம் மவ குல்ஷனுக்கு ஒம்பது வயசுதானுங்க. அவ கோடெல்லாம் பார்க்க மாட்டா."