சூளைப் புகைக்குள் சூரியன்

அடி அண்ணாமலையில், சூரியன் இறங்கினால் சாப்பிடாத சமண வீடு அது. டவுனில் தையல் வேலை முடிந்து பஸ்ஸில் நசுங்கி வந்த த்ரிசலா, மொட்டைமாடியில் அவசரமாகச் சோற்றைப் பிசைகிறாள். இரண்டு வாய் சாப்பிடுவதற்குள் மேற்கே செங்கல் சூளைப் புகை திரண்டு சூரியனை மறைக்கிறது. "பொழுது போயிடுச்சு, கையக் கழுவு" என்கிறான், முன்னமே சாப்பிட்டுவிட்ட கணவன் தன்யகுமார். "இன்னும் இறங்கலைங்க, அது பாழாப்போன புகை!" "எங்க இருக்குது, காட்டு பாப்போம்?" அவள் செம்பை வெடுக்கென்று எடுத்துத் தட்டிலேயே கையைக் கழுவுகிறாள். கழுவினால் அன்றைக்குச் சாப்பாடு அவ்வளவுதான், மறுபடி தொடக் கூடாது. அப்போது புகைக்கு அடியிலிருந்து நழுவி வருகிறது சூரியன், பழுத்த தக்காளிபோல. வானமெல்லாம் ஆரஞ்சும் ஊதாவும். செம்பு சிவக்கிறது, அவளுடைய ஈர விரல்கள் சிவக்கின்றன. "அடடா, புகை இல்லன்னா இந்தக் கலரு வருமா!" என்று கைப்பிடிச் சுவருக்கு ஓடுகிறான் தன்யகுமார். தட்டில், தண்ணீரில் மிதக்கும் சோறும் சிவப்பாகத்தான் இருக்கிறது.