வாதியும் பிரதிவாதியும்

"உங்க கேஸ் போன வருஷமே முடிஞ்சுபோச்சேம்மா, இன்னிக்கு எதுக்கு வந்தீங்க?" என்றார் டவாலி இருதயராஜ்.

"கோர்ட்டு நாளைக்குப் புதுக் கட்டடத்துக்குப் போகுதாமே அண்ணே. பார்த்துட்டுப் போலாம்னு வந்தேன்."

"பதினெட்டு வருஷம் பார்த்தது போதலையாக்கும்!"

வடிவாம்பாள் சிரித்தாள். ஜில்லாவே ஏறி இறங்கிய படிகள் நடுவில் குழிந்திருந்தன. வாய்தாவுக்கு வாய்தா அவளும் தம்பியும் இந்த வராந்தாவின் இரண்டு கோடியில் நிற்பார்கள். பேச்சுவார்த்தை கிடையாது. ஆனால் இருதயராஜ் இருவர் பெயரையும் சேர்த்து மூன்று முறை கூவியதும், தம்பி எங்கிருந்தாலும் ஓடிவந்து அவள் பக்கத்தில் மூச்சு வாங்க நிற்பான். வீடு அவளுக்கென்று தீர்ப்பான பிறகு அவனை அவள் பார்க்கவேயில்லை.

இப்போது, பீரோக்களை ஏற்றும் லாரிக்கு அப்பால், அவன் கட்டடத்தை அண்ணாந்து பார்த்தபடி தனியாக நின்றிருந்தான். தலை முழுக்க நரைத்திருந்தது. அவன் செருப்பைச் சரிசெய்துகொண்டு சாலைப் பக்கம் திரும்பினான்.

அவள் இருதயராஜின் கையைப் பிடித்தாள்.

"அண்ணே, எங்க ரெண்டு பேர் பேரையும் ஒரே ஒரு தடவை கூப்பிடுங்கண்ணே."